எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி? கையெழுத்து கேட்டு வந்த தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் இயங்கும் அணு உலைகளை உடனே மூட வேண்டும் என்று கையெழுத்து இயக்கம் நடத்தும் தோழர்களுக்கு,

வணக்கம். எண்ணூர் கத்திவாக்கத்தில் கடைகடையாக ஏறி இறங்கிய உங்கள் தோழர்கள் என் மருந்துக்கடையிலும் மனுவின் படி ஒன்றைத் தந்துவிட்டுப் போனார்கள். முழுவதும் படித்தேன், கையெழுத்திடவில்லை. உங்கள் அக்கறையில் எனக்கு ஐயம் இல்லை என்பதாலும், வடசென்னையில் நாற்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் ஒருவன் ஏன் தயங்குகிறான் என்பது உங்களுக்குப் பயன்படலாம் என்பதாலும் காரணத்தை எழுத்தில் தருகிறேன். பொதுவெளியில் கேட்ட கையெழுத்துக்குப் பொதுவெளியிலேயே பதில் சொல்வது முறை என்று நினைத்ததால்தான் இது திறந்த மடலாக வருகிறது.

மனுவில் நான்கு கோரிக்கைகள் உள்ளன. புதிய அணுசக்திச் சட்டத்தைத் திரும்பப் பெற வேண்டும், சிறிய உலைகளை மக்கள் நெருக்கமாக வாழும் இடங்களில் அமைக்கக் கூடாது, கதிர்வீச்சு அளவீடுகளைத் தன்னாட்சி உள்ள அமைப்பு ஒன்று வெளியிட வேண்டும் என்ற மூன்றையும் நான் ஏற்கிறேன். ஆனால் அவற்றுக்கெல்லாம் மேலே, முதல் வரியாக, கூடங்குளத்தையும் கல்பாக்கத்தையும் உடனே மூடு என்று இருக்கிறது. அந்த மின்சாரத்துக்கு ஈடாக எது வரும் என்று மனுவின் இரண்டு பக்கத்திலும் ஒரு சொல் இல்லை. நிலக்கரி என்ற சொல்லே இல்லை. எண்ணூரில் விநியோகிக்கப்படும் ஒரு மனுவில் நிலக்கரியைக் காணோம் என்பது எனக்குப் பெரிய வியப்பு.

எங்கள் பக்கத்தில் நிறுவப்பட்டிருப்பதைச் சொல்கிறேன். அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு நிலைகளும் சேர்ந்து 1,830 மெகாவாட். 2024 மார்ச்சில் திறந்த மூன்றாம் நிலை 800 மெகாவாட். வல்லூரில் 1,500 மெகாவாட். எல்லாம் ஒரே ஆற்றங்கரையில், ஒன்றின் புகைபோக்கியில் இருந்து பார்த்தால் மற்றது தெரியும் தூரத்தில் நிற்கின்றன. 1970களில் ஓடத் தொடங்கிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017இல் மூடியபோது ஊரில் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அதே வளாகத்தில் 660 மெகாவாட் விரிவாக்கத் திட்டம் வந்து நிற்கிறது. சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் 1,320 மெகாவாட் கட்டுமானத்தில் உள்ளது. அந்தக் கட்டுமானத்தில்தான் 2025 செப்டம்பர் இறுதியில் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் மாண்டார்கள். அதில் ஓர் அணுகூடக் கதிர்வீச்சு இல்லை. ஆகவே ஆபத்தைப் பற்றிய விவாதங்களில் அந்த 9 பேர் வருவதே இல்லை.

என் கடையின் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் தெரிவது இது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைக் காற்று அசையாமல் கிடக்கும் நாட்களில், கடையைத் திறந்த முதல் அரைமணியில் வருகிறவர்கள் பெரும்பாலும் மூச்சிரைப்புக்கு உறிஞ்சும் ரோட்டாகேப் மருந்து கேட்டு வருகிறவர்கள். முப்பது காப்ஸ்யூல் உள்ள டப்பாவை ஒருசேர வாங்க முடியாமல் நான்கோ ஐந்தோ எண்ணிக் கொடுக்கச் சொல்வார்கள். பிள்ளைக்கு நெபுலைசர் வைக்கக் கடனாக இயந்திரம் கிடைக்குமா என்று கேட்கும் தாய்மார்கள் உண்டு. இது எந்தப் புகைபோக்கியின் வேலை என்று என்னால் சொல்ல முடியாது. மணலியின் சுத்திகரிப்பு ஆலைகளும், எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்கில் இன்ஜினை அணைக்காமல் நிற்கும் கன்டெய்னர் லாரிகளும் பங்காளிகள்தாம். ஆனால் கந்தக டை ஆக்சைடைக் கட்டுப்படுத்தும் கருவி பொருத்த வேண்டும் என்று மத்திய அரசு அனல்மின் நிலையங்களுக்கு விதி வகுத்தது 2015 டிசம்பரில். கெடு தள்ளித் தள்ளிப் போய், 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்த விதியில் இருந்தே விலக்கு கொடுத்துவிட்டார்கள். பெருநகரங்களை ஒட்டியவற்றுக்கு 2027 முடிய அவகாசம். அணு உலை ஒன்றுக்கு இப்படி ஒரு பாதுகாப்பு விதியைப் பன்னிரண்டு ஆண்டுகள் தள்ளிவைத்திருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? சாலையில் உட்கார்ந்திருப்பீர்கள். உட்கார்ந்திருக்கவும் வேண்டும்.

காற்றாவது கண்ணுக்குத் தெரியாது. சாம்பல் தெரியும். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றைக் கடந்து செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். குழாய் துருப்பிடித்து ஓட்டை விழும் இடங்களில் சாம்பல் கூழ் கழிமுகத்தில் இறங்கிப் படிகிறது. நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம் ஆட்களைக் கேளுங்கள்: முன்பு ஆள் மூழ்கும் ஆழம் இருந்த இடத்தில் இப்போது இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை இழுக்கிறார்கள். பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களின் விரல் இடுக்கில் வருவது சேறில்லை. வெண்சாம்பல், காய்ந்தால் சிமென்ட் போல இறுகும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022இல் இந்தச் சாம்பல் கசிவை நிறுத்தி ஆற்றைச் சீராக்க ஆணையிட்டது. ஆணை ஒரு பக்கம் இருக்கிறது, சாம்பல் மறு பக்கம் இருக்கிறது.

இவ்வளவும் சொல்வது அணுவைப் புனிதமாக்க அல்ல. மாத்திரை அட்டையோடு வரும் தாளில் பக்கவிளைவுகள் வரிசையாக அச்சிட்டிருக்கும். அதைப் படித்துப் பயந்துபோய் மருந்தை நிறுத்திவிட்டு வருகிறவர்களிடம் நான் கேட்கும் கேள்வி, நிறுத்தினால் நோய் என்ன செய்யும் என்று மருத்துவரிடம் கேட்டீர்களா என்பதுதான். மின்சாரத்திலும் அந்தக் கேள்வியைக் கேட்டுக் கணக்குப் போட்டவர்கள் இருக்கிறார்கள். விபத்து, காற்று மாசு இரண்டாலும் நேரும் இறப்புகளை, உற்பத்தியான மின்சாரத்தால் வகுத்துப் பார்த்தால், 100 கோடி யூனிட்டுக்கு நிலக்கரி ஏறத்தாழ 25 உயிர்களையும், எரிவாயு 3 உயிர்களையும், நீர்மின்சாரம் 1.3 உயிர்களையும் வாங்குகிறது. காற்றாலை, சூரியத் தகடு, அணு உலை மூன்றும் 0.02 முதல் 0.04 வரை என்ற அளவில், ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. செர்னோபிலும் புகுஷிமாவும் இந்தக் கணக்கின் உள்ளேதான் இருக்கின்றன. நிலக்கரிக்கான எண் ஐரோப்பிய நிலையங்களை வைத்துப் போடப்பட்டது. சாம்பல் மிகுந்த நிலக்கரியை வடிகட்டி குறைந்த நிலையத்தில், மக்கள் நெருக்கத்தின் நடுவே எரிக்கும் எங்களுக்கு அது குறைந்தபட்சக் கணக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதைக் கூடங்குளத்தோடு பொருத்திப் பாருங்கள். 1,000 மெகாவாட் உலைகள் இரண்டு. ஓரளவு ஒழுங்காக ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 கோடி யூனிட். அவற்றுக்கு ஆண்டுக்கு வேண்டிய எரிபொருள் ஏறத்தாழ 50 டன். அதே 1,400 கோடி யூனிட்டை உள்நாட்டு நிலக்கரியில் எடுப்பதானால் ஒரு கோடி டன்னுக்குச் சற்றுக் குறைவாக எரிக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும், அதாவது முப்பது லட்சம் டன்னுக்கு மேல், ஒவ்வோர் ஆண்டும். மேலே சொன்ன ஐரோப்பிய எண்ணைப் பெருக்கினால் ஆண்டுக்கு 300க்கும் அதிகமான உயிர்கள். மூடு என்ற உங்கள் முதல் வரி நிறைவேறிய மறுநாள், இந்த நிலக்கரி எந்தத் துறைமுகத்தில் இறங்கும், இந்தச் சாம்பல் எந்த ஆற்றில் கரையும் என்று வடசென்னைக்காரன் ஒருவன் கேட்பதில் தவறு இல்லை. துறைமுகமும் ஆறும் எங்கே இருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும்.

அணுக்கழிவு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பயன்படுத்திய எரிபொருள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காவல் காக்க வேண்டிய பொருள். அதை நிலத்தடியில் நிரந்தரமாக அடக்கம் செய்யும் இடம் இந்தியாவில் இன்றுவரை இல்லை. உலகிலேயே பின்லாந்து ஒன்றுதான் அதைக் கட்டி முடிக்கும் நிலைக்கு வந்திருக்கிறது. கூடங்குளம் வளாகத்திலேயே அதைச் சேமித்துவைப்பதை எதிர்த்து இடிந்தகரை மக்கள் எழுப்பிய கேள்விகளுக்கு மனநிறைவான விடை கிடைத்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. கடலில் விடும் சுடுநீர் விஷயத்திலும் அணு உலை அனல்மின் நிலையத்தைவிட நல்ல பிள்ளை அல்ல. வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கி மீதியைத் தண்ணீரில் கொட்டுகிறது. ஆனாலும் எண்ணிக்கையிட்டு, கொள்கலத்தில் அடைத்து, காவல் போட்டு வைத்திருக்கும் கழிவுக்கும், காவலே இல்லாமல் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வந்து படியும் கழிவுக்கும் வேறுபாடு உண்டு. நிலக்கரிச் சாம்பலிலும் யுரேனியம், தோரியம், ஆர்செனிக், பாதரசம் எல்லாம் சிறு அளவில் இருக்கின்றன. கதிரியக்கப் பொருள் காலப்போக்கில் பாதியாகக் குறைய எடுக்கும் காலத்தை அரை ஆயுள் என்பார்கள்; ஆர்செனிக்குக்கும் பாதரசத்துக்கும் அது கிடையாது. அவை குறையவே குறையாது.

அச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அணு விபத்து அரிது என்ற புள்ளிவிவரத்தை மட்டும் வைத்து உங்களை வாயடைக்க நான் வரவில்லை. செர்னோபிலில் முதல் சில மாதங்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 30 பேர். பின்னாளில் புற்றுநோயால் இறக்கக்கூடியவர்கள் 4,000 வரை என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. புகுஷிமாவில் கதிர்வீச்சால் நேர்ந்ததாக ஜப்பான் அரசு ஏற்றுக்கொண்ட இறப்பு ஒன்றே ஒன்று. ஆனால் ஒன்றரை லட்சம் பேர் வீட்டைவிட்டு வெளியேறினார்கள், வெளியேறிய அலைச்சலிலும் இடப்பெயர்விலும் 2,000க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் முதியவர்கள், இறந்தார்கள். உலை கொல்லாதவர்களை ஓட்டம் கொன்றது. அந்த ஓட்டம் எப்படி இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், கப்பலில் இருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் பெரியகுப்பம் அருகே கசிந்தபோது, ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு பிள்ளைகளைத் தோளில் தூக்கியபடி ஊரே சாலைக்கு வந்தது. கண் எரிந்தது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. கிடைத்த ஆட்டோவில் ஏறியவர்கள் போனார்கள், மற்றவர்கள் நடந்தார்கள்.

ஆகவேதான் உங்கள் இரண்டாம் கோரிக்கையை நான் வரிக்கு வரி ஏற்கிறேன். ஓய்வுபெறும் அனல்மின் நிலையங்களின் இடத்தில் சிறிய உலைகளை அமைக்கலாம் என்று அணுசக்தித் துறை பேசத் தொடங்கியிருக்கிறது; 2025 நிதிநிலை அறிக்கையில் சிறிய உலை ஆய்வுக்கு 20,000 கோடி ரூபாய் ஒதுக்கியாகிவிட்டது. மின்கம்பித் தடம் இருக்கிறது, கடல்நீர் இருக்கிறது, நிலம் அரசுடையது என்று எண்ணூரை யாராவது வரைபடத்தில் வட்டமிட்டால் ஆச்சரியம் இல்லை. அவர்கள் இன்னொரு வட்டமும் போட்டுப் பார்க்கட்டும். இந்திய அணுமின் நிலையங்களுக்கு அவசரகாலத் திட்டம் வகுக்கும் எல்லை வழக்கமாக 16 கிலோமீட்டர். எண்ணூர் ரயில் நிலையத்தை மையமாக வைத்தால் அந்த வட்டத்துக்குள் திருவொற்றியூர், மணலி, தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, இராயபுரம் எல்லாம் அடங்கி, சென்ட்ரல் ரயில் நிலையமும் உள்ளே வந்துவிடுகிறது. ஒரு கன்டெய்னர் லாரி பழுதாகி நின்றால் மூச்சடைக்கும் சாலைகளில் இத்தனை லட்சம் பேரை எங்கே கொண்டுபோவார்கள்? இந்த ஊருக்கு உலை கூடாது. அதில் பேச்சுக்கே இடமில்லை.

சட்டத்தைப் பற்றியும் உங்களோடு உடன்படுகிறேன். சாந்தி என்ற பெயரில் 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தனியார் நிறுவனங்களுக்குக் கதவைத் திறக்கிறது. பெரிய உலையை இயக்குபவரின் இழப்பீட்டுப் பொறுப்புக்கு 3,000 கோடி ரூபாய் உச்சவரம்பு வைக்கிறது. சிறிய உலைக்கு வரம்பு 100 கோடி வரை இறங்குகிறது. புகுஷிமாவுக்காக அந்த உலையை நடத்திய மின்நிறுவனம் கொடுத்த இழப்பீடு பத்து லட்சம் கோடி யென்னைத் தாண்டியது. குறையுள்ள கருவியை விற்றவரிடம் இழப்பீட்டைத் திரும்பப் பெறும் உரிமை 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் தெளிவாக இருந்தது. இப்போது அதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால்தான் உண்டு, அல்லது வேண்டுமென்றே தீங்கு செய்ததாக மெய்ப்பிக்க வேண்டும். விபத்துக்கு வாய்ப்பே இல்லை என்று சொல்பவர்கள் விபத்துக்கான பொறுப்பை ஏன் இவ்வளவு கவனமாகக் கத்தரிக்கிறார்கள் என்பது நியாயமான கேள்வி.

நம்பிக்கையும் அப்படித்தான். 2004 சுனாமி அன்று கல்பாக்கத்தில் கடல்நீர் பம்ப் அறைக்குள் புகுந்தபோது இயங்கிக்கொண்டிருந்த உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். அது பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் 2019இல் கூடங்குளத்தின் கணினியில் தீநிரல் புகுந்தது என்ற செய்தி வந்தபோது ஒருநாள் மறுத்துவிட்டு, மறுநாள் நிர்வாகப் பிரிவுக் கணினியில் புகுந்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். உலையைக் கையாளத் தெரிந்தவர்களுக்கு உண்மையைக் கையாளத் தெரியவில்லை.

புதிய உலைகளில் எனக்கு உள்ள தயக்கம் இன்னும் எளிய காரணத்தால். நேரமும் காசும். கூடங்குளத்தில் 2002இல் கட்டத் தொடங்கிய முதல் உலை வணிக உற்பத்திக்கு வந்தது 2014இன் கடைசி நாள். எரியும்போதே புது எரிபொருளையும் உண்டாக்கும் வகையான, கல்பாக்கத்தின் 500 மெகாவாட் ஈனுலையை 2004இல் கட்டத் தொடங்கி 2010இல் முடிப்பதாகச் சொன்னார்கள். உலைக்கருவை நிரப்பும் பணி தொடங்கியதே 2024 மார்ச்சில்தான். இதே காலத்தில் சூரிய மின்சாரம் யூனிட் இரண்டரை ரூபாய் அளவுக்கு இறங்கிவிட்டது. கமுதியில் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய நிலையம் 2016இல் வந்தது. இன்று தமிழ்நாட்டின் மொத்தச் சூரியத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

அப்படியானால் சூரியனும் காற்றும் போதுமே என்பதுதான் உங்கள் வாதத்தின் உள்ளுயிர் என்று புரிகிறது. திசை சரி. கணக்கை மட்டும் கடைசிவரை போடுங்கள். கூடங்குளம் தரும் 1,400 கோடி யூனிட்டைச் சூரியனில் எடுக்க ஏறத்தாழ 9,000 மெகாவாட் தகடும் 35,000 ஏக்கர் நிலமும் வேண்டும். நம்மால் முடியாததல்ல, சில ஆண்டுகளில் செய்யக்கூடியதுதான். சிக்கல் மாலை ஏழு மணிக்குத் தொடங்குகிறது. 2024 மே 2 அன்று மாநிலத்தின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கத்திரி வெயிலில் பகலைச் சூரியன் தாங்குகிறது, இரவு பதினோரு மணிக்கு ஏசி ஓடும்போது அது இல்லை. முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலைகள் சுழலும் காலம் வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை. ஐப்பசி, கார்த்திகையில் மேகமும் மூடி, காற்றும் படுத்து, இரண்டும் ஒன்றாகக் கைவிடும் நாட்கள் உண்டு. மழைக்காலத்தில் தேவை குறைவுதான். ஆனால் பூஜ்யம் அல்ல. அந்த இரவுகளுக்கு வேண்டியது சேமிப்பு. மேலே தண்ணீரை ஏற்றி வைத்து இரவில் இறக்கும் நிலையம் காடம்பாறையில் 400 மெகாவாட் 1980களின் இறுதியில் இருந்தே இருக்கிறது. குந்தாவில் 500 மெகாவாட் எத்தனையோ ஆண்டுகளாகக் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. குந்தா ஏன் தாமதம் என்று கேட்டு நீங்கள் ஒரு கையெழுத்து இயக்கம் நடத்தினால் கத்திவாக்கத்தில் வீடு வீடாக நானே வருகிறேன்.

என் நிலைப்பாடு இதுதான்: புதிதாக வரும் ஒவ்வொரு மெகாவாட் சூரியனும் காற்றும் சேமிப்பும் முதலில் எதை மூடப் பயன்பட வேண்டும் என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம். நீங்கள் அணு உலையை முதலில் என்கிறீர்கள். ஜெர்மனி அப்படித்தான் செய்தது. 2023 ஏப்ரல் 15 அன்று கடைசி மூன்று உலைகளையும் மூடியது, நிலக்கரிக்கோ 2038 வரை அவகாசம் வைத்திருக்கிறது. அந்த வரிசையால் கூடுதலாக எரிந்த நிலக்கரியை யாரோ ஒருவர் சுவாசித்தார். இங்கே அந்த யாரோ ஒருவர் நாங்கள். ஆபத்து ஒழிவதில்லை, இடம் மாறுகிறது என்பது எங்களுக்குப் பழகிய கதை. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளக் கூடாது என்று உயர்நீதிமன்றம் 2011இல் சொன்னபோது இராயபுரத்தில் கரித்தூள் குறைந்தது. அந்த நிலக்கரி எங்கே வந்து இறங்குகிறது என்று எங்கள் துணிக்கொடியைப் பார்த்தால் தெரியும்.

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கை விரிப்பார்கள். எனக்கு அந்தப் பழமொழி இந்த விஷயத்தில் ஒத்துவரவில்லை. இரண்டும் சுடும்தான், எது இன்று எவர் கையில் எரிகிறது என்று பார்த்து அதை முதலில் அணைக்கலாம்.

ஆகவே என் வேண்டுகோள்: மனுவின் முதல் வரியை மாற்றுங்கள். எண்ணூர் 660 மெகாவாட் விரிவாக்கத்தைக் கைவிடு என்று தொடங்குங்கள். வடசென்னை அனல்மின் நிலையத்தின் பழைய 210 மெகாவாட் அலகுகளை எந்த ஆண்டுக்குள் மூடுவது என்று மின் உற்பத்திக் கழகம் தேதி சொல்லட்டும் என்று எழுதுங்கள். அந்த அலகுகள் 1990களின் நடுவில் வந்தவை, வயது முப்பதாகிவிட்டது. கந்தகக் கட்டுப்பாட்டுக் கருவி 2027க்கு மேல் ஒருநாளும் தள்ளிப்போகக் கூடாது என்பதைச் சேருங்கள். செப்பாக்கம் சாம்பல் குட்டையை மூடுவதையும் கொசஸ்தலையைத் தூர்வாருவதையும் சேருங்கள். அதன் கீழே உங்கள் மூன்று கோரிக்கைகளும் அப்படியே நிற்கட்டும். இயங்கும் உலைகளைப் பொறுத்தவரை, அவற்றின் ஆயுள் முடியும்போது நீட்டிப்பதா மூடுவதா என்பதை அன்றைய நிலக்கரிக் கணக்கை வைத்துத் தீர்மானிக்க வேண்டும் என்று ஒரு வரி போதும்.

இந்த மாற்றங்கள் உங்களுக்கு ஏற்பில்லை என்றால், கூடங்குளத்தை மூடிய பிறகு வரும் கார்த்திகை மாத இரவுகளில் எட்டு மணிக்கு 2,000 மெகாவாட் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்காவது எழுத்தில் பதில் தாருங்கள். அதை என் கடை வாசலில் ஒட்டிவைக்கிறேன். எண்ணூர் விரிவாக்கத்துக்கு இனி எந்தக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தாலும், பெரும்பாலும் வேலைநாளில், முற்பகலில்தான் வைப்பார்கள். கடலுக்குப் போனவர்களும் கம்பெனி ஷிப்டில் இருப்பவர்களும் வர முடியாது. நகரத்தில் இருந்து உங்களில் ஐம்பது பேர் அன்று வந்து உட்கார்ந்தால், பேசாமல் இருந்தாலும்கூட, பரவாயில்லை.

இப்படிக்கு,
கத்திவாக்கத்தில் மருந்துக்கடை நடத்தும் ஒருவன்